அந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்காதீர்கள்

ஓசூர் சிப்காட், சிட்கோ தொழிற்பேட்டைகளிலும், கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, பாரூர் சாலைகளிலும் கேஸ் கடை, வெல்டிங் பட்டறை, லேத், ஹைட்ராலிக் ரிப்பேர் கடை நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,



உங்கள் கடைக்கு நீளமான பையோடு ஒரு பையனோ பெண்ணோ, கூடவே அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ வருகிறார்கள். "அண்ணே, இதுல காத்து ஏற மாட்டேங்குது, கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்கிறார்கள். பைக்குள் இருப்பது காற்றை முன்கூட்டியே அடைத்துச் சுடும் ஏர் ரைஃபிள், பி.சி.பி. என்று சொல்வார்கள். உங்களில் சிலர் இது நமக்குத் தெரியாத வேலை என்று திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். சிலர் மனசு கேட்காமல், தூரத்திலிருந்து வந்திருக்கிறார்களே என்று, கடையில் நிற்கிற சிலிண்டரில் ஒரு அடாப்டரைக் கடைந்து மாட்டி ஏற்றிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். உதவி செய்கிற அந்தக் குணத்தை மதித்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். என் மகளும் அப்படி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவள்தான்.

முதல் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நெருக்கடியில் மீதியைப் படிக்க முடியாதவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். யார் கெஞ்சினாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், ஏர் கன்னில் ஆக்சிஜன் ஏற்றாதீர்கள். ஒரே ஒரு தடவைக்குக்கூட வேண்டாம்.

ஆக்சிஜன் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொட்டதற்காக மேஸ்திரியிடம் திட்டு வாங்காமல் உங்களில் யாரும் தொழில் கற்றிருக்க மாட்டீர்கள். அதே எச்சரிக்கை இந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை. அதன் உள்ளே கிரீஸ் இருக்கிறது. ரப்பர் ஓ-ரிங்குகள் இருக்கின்றன. வால்வ் சீட் பெரும்பாலும் பிளாஸ்டிக். சிலிண்டர் பலவற்றில் அலுமினியம். 150 பார் ஆக்சிஜனைச் சட்டென்று திறந்துவிட்டால், முட்டுச் சந்தில் மாட்டிக்கொண்ட கொஞ்சநஞ்ச வாயு கண்ணிமைக்கும் நேரத்தில் நசுங்கிச் சூடாகிறது. கணக்குப் போட்டால் அந்தச் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, நசுங்கிய காற்றின் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. அதுவும் சாதாரணக் காற்றில், இதைவிட எவ்வளவோ குறைந்த அழுத்தத்தில். இங்கே அழுத்தம் பல மடங்கு, வாயுவோ சுத்த ஆக்சிஜன், எரிவதற்கு உள்ளேயே கிரீஸும் ரப்பரும்.

ஏற்றும்போது ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஆறுதல் இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளே ஒரு சுத்தியல் வால்வைத் தட்டித் திறக்கிறது, வாயு பாய்கிறது. நாளைக்கு வேறு யாரோ தெரியாமல் இன்னும் கொஞ்சம் கிரீஸ் தடவுவார். நீங்கள் ஏற்றிய ஆக்சிஜனின் மிச்சம் அப்போதும் உள்ளே இருக்கும். இது கன்னத்தோடு அணைத்து வைத்துச் சுடுகிற பொருள். சிலிண்டர் முகத்துக்கு முன்னால், இடது கைக்கு மேலே இருக்கிறது. அந்தக் கை பதினான்கு வயதுப் பிள்ளையின் கையாக இருக்கலாம்.

சரி, நைட்ரஜன் போடலாமா என்று கேட்பீர்கள். லேசர் கட்டிங் பட்டறைகளால் நம் ஊரில் நைட்ரஜன் தாராளமாகப் புழங்குகிறது. அது எரியவைக்காது, ஈரமும் இல்லை. துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால், சரியான ரெகுலேட்டர் வழியாக, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து ஏற்றலாம். மூடிய அறையில் நைட்ரஜன் கசிந்தால் மூச்சுத் திணறுவதே தெரியாமல் ஆள் விழுந்துவிடுவார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒன்று: சிலிண்டரின் நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். பெயின்ட் உரிந்ததும், கை மாறி வந்ததும், அவசரத்துக்கு வேறு நிறம் அடித்ததும் உங்கள் ஸ்டாண்டிலேயே நிற்கும். லேபிளைப் படித்துப் பார்க்காத சிலிண்டரில் இந்தத் துப்பாக்கியை மாட்டவே கூடாது.

இந்தப் பிள்ளைகள் ஏன் உங்களைத் தேடி வருகிறார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம், அது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வந்தது. 2012இல் லண்டனில் ககன் நரங்கின் வெண்கலமும் அதே போட்டியில்தான். 2024 பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பதக்கம் வாங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் ஏர் ரைஃபிளோடு போனவர். இவர்களைப் பார்த்துத்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். பெற்றோர் கடனை உடனை வாங்கித் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கிறார்கள். விற்றவர் ஒரு அடாப்டரையும், ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ அச்சடித்த சின்னப் புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. போனில் கூப்பிட்டுக் கேட்டால் துப்பாக்கியை அனுப்பி வையுங்கள் என்பதற்கு மேல் பதில் இல்லை.

போட்டித் துப்பாக்கியின் சிலிண்டர் 200 சி.சி. அளவு என்று வைத்துக்கொள்வோம். 200 பார் வரை நிரப்ப வேண்டியது வெளிக்காற்று அளவில் 40 லிட்டர். இந்த 40 லிட்டர் காற்றுக்காக அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு நெரிசலுக்குள் போய் அரை நாளைத் தொலைத்துவிட்டு வருகிறோம். பாரூரிலிருந்து வருகிறவருக்கு முழு நாளும் போய்விடும். மோட்டார் சைக்கிளும் லாரியும் கைக்கடிகாரமும் செய்கிற ஊர் நம் ஓசூர். தண்ணீர் புகாத கைக்கடிகாரத்துக்கு ஒரு மெல்லிய வளையத்தை எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்த கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இதைவிட அதிக அழுத்தத்தில் சீல் மாற்றுகிறவர்கள் நீங்கள். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்கு உலர்ந்த காற்று கிடைக்கவில்லை என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அதனால்தான் முடியாது என்று சொல்லுங்கள் என்பதோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. எதை முடியாது என்று சொல்ல வேண்டும், எதை உங்கள் திறமையால் சரிசெய்ய முடியும் என்று பிரித்துச் சொல்கிறேன். காற்று ஏறவில்லை என்று வருகிற பல துப்பாக்கிகளில் உண்மையில் பழுதே இருக்காது.

முதலில் அளவைப் பாருங்கள். ஐரோப்பியத் துப்பாக்கியில் பார் என்று இருக்கும். மலிவான கைப்பம்பில் பி.எஸ்.ஐ. பெரிதாக இருக்கும். உங்கள் பேச்சிலோ கிலோதான். 200 பார் என்பது ஏறத்தாழ 2,900 பி.எஸ்.ஐ., 204 கிலோ. சில கேஜ்களில் 20 எம்.பி.ஏ. என்று மட்டும் போட்டிருக்கும், அதுவும் 200 பார்தான். அதை 20 பார் என்று படித்துவிட்டு இன்னும் ஏறவில்லையே என்று மேலே மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். டயர் கடைக் கம்ப்ரஸரில் ஏற்றித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அதிலிருந்து கிடைப்பது 8 முதல் 10 பார். கேட்கப்படுவது அதைப்போல் இருபது மடங்கு.

அடுத்து, கைப்பம்பை மாட்டியதும் முள் விர்ரென்று 100, 120 என்று ஏறுகிறது, பிறகு அசையவே மாட்டேன் என்கிறது என்பார்கள். அது பழுது இல்லை. பம்பின் கேஜ் காட்டுவது ஹோஸுக்குள் இருக்கிற அழுத்தம். ஹோஸில் இடம் மிகக் குறைவு, அதனால் நாலைந்து அடியிலேயே ஏறிவிடும். துப்பாக்கிக்குள் ஏற்கெனவே இருக்கிற அழுத்தத்தை அது தாண்டினால்தான் ஒருவழி வால்வு திறந்து காற்று உள்ளே போகும். அங்கிருந்து முள் மெல்லத்தான் நகரும். ஹோஸின் கேஜ் ஏறிக்கொண்டே போய்த் துப்பாக்கியின் கேஜ் மட்டும் அப்படியே நின்றால் அப்போது சந்தேகப்படலாம்: ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், நிரப்பும் துளையில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது துப்பாக்கியின் கேஜே செத்திருக்கலாம். சந்தேகம் தீர, சரியென்று தெரிந்த இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவு கேஜ் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

பெரிய சிலிண்டரிலிருந்து ஏற்றும்போது வருகிற குழப்பம் வேறு மாதிரி. 200 பார் இருக்கிற சிலிண்டரிலிருந்து முதல் துப்பாக்கிக்கு ஏறத்தாழ 200 கிடைக்கும். அடுத்ததற்கு அதைவிடக் கொஞ்சம் குறையும். இரண்டு பக்கமும் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும், அதற்குமேல் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஏறாது. மூல சிலிண்டர் 160க்கு இறங்கியிருந்தால் துப்பாக்கி 200க்கு ஏறவில்லை என்று துப்பாக்கியைப் பிரிப்பதில் அர்த்தமே இல்லை.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். வேகமாக ஏற்றினால் காற்று சூடாகும், சூடான காற்று கேஜில் கூடுதலாகக் காட்டும். சிலிண்டருக்குள் 45 டிகிரியில் 200 பார் காட்டுவது, 25 டிகிரிக்கு ஆறியதும் 187தான் இருக்கும். ஒரு துளிகூடக் கசியவில்லை, ஆனாலும் 13 பார் காணாமல் போய்விட்டது. நம் மாவட்டத்தில் இது இன்னும் தொல்லை. பாரூர்ப் பக்கம் மதிய வெயிலில் ஏற்றிய துப்பாக்கியை மறுநாள் விடியற்காலையில் ஓசூர்க் குளிரில் எடுத்துப் பார்த்தால் முள் இறங்கித்தான் இருக்கும். உடனே லீக் என்று சொல்லி ஓ-ரிங்கைக் கிழித்து மாற்றுகிறார்கள். மெதுவாக ஏற்றுங்கள், ஆறவிடுங்கள், பிறகு குறைந்ததை மட்டும் நிரப்புங்கள். கசிவு உண்டா இல்லையா என்று பார்க்க, இன்று காலை எத்தனை மணிக்கு எத்தனை பார் என்று குறித்து வைத்து, நாளைக் காலை அதே நேரத்தில் அதே அறையில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனையே பல துப்பாக்கிகளைத் தேவையில்லாத பிரிப்பிலிருந்து காப்பாற்றும்.

முழுக்கக் காலியான துப்பாக்கி ஒன்று வரும். கைப்பம்பால் எவ்வளவு அடித்தாலும் குழல் வாய் வழியாகவே புஸ்ஸென்று வெளியேறும். சிலிண்டரைக் கழற்ற முடியாத, நிலைக்குழாய் வைத்த மாடல்களில் இது சகஜம். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அந்த அழுத்தமே சுடும் வால்வை மூடி வைத்திருக்கிறது. பூஜ்யத்துக்கு வந்ததும் சுத்தியலின் ஸ்பிரிங் வால்வின் மேல் சாய்ந்து லேசாகத் திறந்து வைத்துவிடும். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, போல்ட்டை இழுத்துக் காக் செய்துவிட்டு ஏற்றினால் சுத்தியல் விலகிக்கொள்ளும், வால்வு மூடிக்கொள்ளும். இதற்காகத் துப்பாக்கியைப் பார்சல் கட்டி வெளி மாநிலத்துக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் காற்று நிற்கவில்லை என்றால் அது உண்மையான கசிவு. கண்டுபிடிக்க உங்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். எங்கே நுரை கட்டுகிறது என்பதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஏற்றி முடித்து ப்ளீட் ஸ்க்ரூவைத் திறக்கும்போது புஸ் என்று ஒருமுறை வந்து நிற்க வேண்டும்; நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் துப்பாக்கியின் ஒருவழி வால்வு காற்றைத் திருப்பி விடுகிறது, ப்ளீடை மூடிவிடுங்கள். நிரப்பும் ப்ரோபைச் சுற்றி வந்தால் அதன் ஓ-ரிங். குழல் வழியாக வந்தால் சுடும் வால்வின் சீட். உடலில் ஊசிமுனைத் துளை ஒன்று இருக்கும், அதன் வழியாக வந்தால் துப்பாக்கியின் ரெகுலேட்டருக்குள் ஓ-ரிங் போய்விட்டது. அந்தத் துளை வேண்டுமென்றே வைத்தது, தயவுசெய்து எம்-சீல் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

ஓ-ரிங்கில் உங்களுக்கு இருக்கிற அனுபவம் எங்கள் யாருக்கும் கிடையாது. ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: டப்பாவில் இருப்பதில் அளவு ஒத்துப்போகிறது என்று ஏதோ ஒன்றைப் போட வேண்டாம். மென்மையான வளையம் இந்த அழுத்தத்தில் இடுக்குக்குள் பிதுங்கி அறுந்துவிடும். பழையதன் கடினத்தன்மையைப் பார்த்து, பல இடங்களில் 90 ஷோர் கேட்கும், அதே பொருளில் போடுங்கள். தடவுவதற்குச் சுத்தமான சிலிகான் கிரீஸ், அதுவும் பளபளப்பு தெரிகிற அளவு மட்டும். எஞ்சின் ஆயிலும் டபிள்யூ.டி.-40யும் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. அழுத்தக் காற்றில் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும், சாதாரணக் காற்றாக இருந்தாலும்கூட. டெஃப்லான் டேப்பையும் எடுக்காதீர்கள். இங்கே காற்றை நிறுத்துவது த்ரெட் இல்லை, ஓ-ரிங். டேப்பின் இழை பிய்ந்து உள்ளே போய் வால்வ் சீட்டில் உட்கார்ந்தால் இல்லாத கசிவு ஒன்று புதிதாக வரும்.

அழுத்தம் இருக்கும்போது ஸ்பானர் போடாதீர்கள். 200 சி.சி.யில் 200 பார் என்பது பல ஆயிரம் ஜூல் ஆற்றல். போட்டித் துப்பாக்கியின் அரை கிராம் குண்டு வெளியேறும்போது அதனிடம் இருப்பது ஏழெட்டு ஜூல்தான். கையால் திருகி வர வேண்டிய பாகம் வரவில்லை என்றால் துரு என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே காற்று இருக்கிறது, அதுதான் த்ரெட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பைப் ரெஞ்ச் எடுக்க வேண்டிய நேரம் அது இல்லை. தயாரிப்பாளர் சொன்ன வழியில் முழுக்கக் காலி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இந்தத் தொல்லைகள் நேற்று வந்தவை இல்லை. 1780வாக்கில் ஆஸ்திரியப் படை கிரார்டோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியைச் சேர்த்துக்கொண்டது. அதன் காற்றுக் குடுவையை நிரப்பக் கைப்பம்பை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அடிக்க வேண்டும். சீலுக்குத் தோல் வளையம். அது காய்ந்தால் காற்று நிற்காது. பழுது பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்காததும் அது படையிலிருந்து கழிந்துபோனதற்கு ஒரு காரணம். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கும் குறைவது அந்த ஆள்தான்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கியை மெல்லக் கொல்வது அது. 30 டிகிரிச் சூட்டில், 70 சதவீத ஈரப்பதம் இருக்கிற நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 21 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். நாம் ஏற்றுகிற 40 லிட்டரில் முக்கால் கிராமுக்கு மேல். அந்தக் காற்றை 200 சி.சி.க்குள் நெருக்கினால் ஆவியாக இருக்க முடிகிறது சில மில்லிகிராம் மட்டுமே. மீதி எல்லாம் தண்ணீராக இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு பங்கு பம்பிலேயே நிற்கும், வடிகட்டி இல்லாவிட்டால் மற்றது துப்பாக்கிக்குள் போகும். மழைக்கால மாலையில் வடிகட்டி இல்லாத பம்பால் வாரம் இரண்டு முறை ஏற்றுகிற துப்பாக்கிக்குள் ஒரு வருடத்தில் எவ்வளவு போயிருக்கும்? ஸ்டீல் குழாய் துருப்பிடிக்கும், அந்தத் துருத்தூள் வால்வ் சீட்டைக் கீறும், ரெகுலேட்டரில் உப்புப் பூக்கும். பிறகு "திடீர்னு லீக் ஆகுது அண்ணே" என்று உங்களிடம் வருவார்கள். அது திடீரென்று வந்ததே இல்லை. சீலை மாற்றினால் மூன்று மாதத்தில் திரும்ப வரும், காற்றை உலர்த்தினால்தான் நிற்கும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற சிலிக்கா ஜெல் குமிழ்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பம்பின் வாயில் அதைக் கட்டுவது ஓரளவு உதவும். அழுத்திய பிறகு, நீரைப் பிரித்து, மாலிக்குலர் சீவ் வடிகட்டி வழியாக வருகிற காற்றுதான் உண்மையான தீர்வு. கைப்பம்பையும் ஒரே மூச்சில் அடிக்காமல், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆறவிட்டு, ப்ளீட் திறந்து நீரை வெளியேற்றச் சொல்லுங்கள்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் சிலிண்டரில் பொறித்திருக்கிற தேதியைப் படியுங்கள். ஐரோப்பியப் போட்டித் துப்பாக்கிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டு எல்லை வைக்கிறார்கள். காலாவதியாகாத சிலிண்டரைக் கொண்டுவருவது வீரரின் பொறுப்பு என்று உலகத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதியே சொல்கிறது. பழைய துப்பாக்கியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. தேதி முடிந்திருந்தால், பள்ளம் விழுந்திருந்தால், யாராவது த்ரெட்டை மறுபடி வெட்டியிருந்தால் ஏற்றாதீர்கள். கோபப்பட்டுக்கொண்டு போனாலும் போகட்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல், அல்லது 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் உள்ள ஏர் கன்னுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி, ரெகுலேட்டரைத் திருகி "பவர் ஏத்திக் குடுங்க" என்று கேட்பவர்களும் உங்களிடம் வருவார்கள். பாரூர் ஏரிக்கரையில் கொக்கும் நாரையும் சுட வேண்டும் என்று வருகிறவர்கள் அவர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர்களுக்கு ஒரு ஓ-ரிங்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்கிற காரியத்தால்தான் பையைத் தூக்கிக்கொண்டு போகிற எங்கள் பிள்ளைகளை பஸ்ஸில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்கள் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிற இடத்தில் தமிழிலும், எல்லையோரம் என்பதால் கன்னடத்திலும் தெலுங்கிலும், ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள்: ஏர் கன்னுக்கு இங்கே காற்று ஏற்றுவதில்லை, ஆக்சிஜன் ஏற்றினால் வெடிக்கும். கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். முதலாளி இல்லாத நேரத்தில்தான் இந்த வேலை நடக்கிறது.

ஹைட்ராலிக் சீல் வேலை செய்கிறவர்களில், ஓசூரில் ஒருவர், கிருஷ்ணகிரியில் ஒருவர், போச்சம்பள்ளி, பாரூர்ப் பக்கத்தில் ஒருவர் இந்தத் துப்பாக்கிகளைக் கற்றுக்கொள்ள முன்வாருங்கள். சரியான ஓ-ரிங்குகள், நம்பகமான ஒரு கேஜ், சிலிகான் கிரீஸ், சோப்புத் தண்ணீர், இவ்வளவுதான் ஆரம்பத்துக்கு வேண்டும். கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவது எங்கள் பொறுப்பு. கூலியைப் பேரம் பேச மாட்டோம்.

மூன்றாவது, பெரியது. நம் வட்டாரத்துக்கு ஒரு பொது நிரப்பும் இடம் வேண்டும். மூச்சுக் காற்றுக்கென்று செய்த உயர் அழுத்தக் கம்ப்ரஸர், வடிகட்டியோடு. சேமித்து வைக்கும் பெரிய சிலிண்டர்கள் 2016ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளுக்குள் வரும், அதற்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதியும் குறித்த காலத்தில் தண்ணீர் அழுத்தச் சோதனையும் தேவை. இந்த வழி எங்களுக்குப் புதிது. கேஸ் கடை நடத்துகிற உங்களுக்கு அன்றாடம். பெரிய தொழிற்சாலைகளின் தீயணைப்புப் பிரிவுகளில் புகைக்குள் போகும்போது முதுகில் மாட்டுகிற மூச்சுக் கருவிகள் இருக்கும், அவற்றை நிரப்பக் கம்ப்ரஸர் வைத்திருக்கிற இடங்களும் உண்டு. அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலை எடுத்துச் செய்கிறவர்கள் நீங்கள். பாதுகாப்பு அதிகாரியிடம் போய் நின்று பேசினால் உங்கள் பேச்சு எடுபடும், எங்கள் பேச்சு வாசலோடு நின்றுவிடும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அவர்கள் ஆளே நின்று, பிள்ளைகளின் சிலிண்டரை நிரப்பித் தர ஒத்துக்கொண்டால்கூடப் போதும். அந்தக் கருவிகள் பல இடங்களில் 300 பார் என்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் நேராக மாட்டவே கூடாது. 200 பார் பொருள் தவறுதலாகப் பொருந்திவிடக் கூடாது என்றுதான் 300 பார் டின் (DIN) வாயின் த்ரெட்டை நீளமாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் பொருத்த யாராவது அடாப்டர் கடைந்து கேட்டால் உங்கள் லேத்தில் கடைந்து கொடுக்காதீர்கள்.

செலவுக்கு எங்கள் குடும்பங்கள் பணம் போடும். இடம், அனுமதி, ஆள், இந்த மூன்றில் எதை உங்களால் தர முடியும் என்று உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள். துப்பாக்கிகளைக் காலி செய்து, சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, எது எங்கே கசிகிறது என்று உங்கள் முன்னாலேயே காட்டுகிறோம். அந்தக் கூட்டம் கூடும்வரைக்கும் ஒன்றே ஒன்றை மட்டும் செய்யுங்கள்: ஆக்சிஜன் ஸ்டாண்டில் ஒட்ட வேண்டிய தாளை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஏர் ரைஃபிள் பழகும் ஒரு பெண்ணின் தகப்பன்,
பாரூர்